வயதைப் பார்க்கும் சர்க்கார் பிரேக்கைப் பார்க்குமா?

15 ஆண்டு ஓடிய ஒரு மோட்டார் சைக்கிள் ரோட்டில் போகத் தகுதியானதா, இல்லையா? கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு நம்பத்தகுந்த பதில் யாரிடம் இருக்கிறது? வண்டியை ஓட்டுபவரிடம் இல்லை. சர்டிபிகேட் கொடுக்கும் அதிகாரியிடம் இல்லை. கட்டணம் வாங்கும் சர்க்காரிடமும் இல்லை. பதில் இல்லாத இடத்தில் பணம் மட்டும் கை மாறுகிறது, காகிதம் மட்டும் கை மாறுகிறது. இதைத்தான் நாம் இன்று பேச விரும்புகிறோம்.

இது பணக்காரர் வீட்டுக் கவலை அல்ல. காலை ஆறு மணிக்குச் சாந்துச் சட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படும் கொத்தனாரின் கவலை. இரவு ஷிப்ட் முடிந்து பத்து மைல் தாண்டி வீடு திரும்பும் மில் தொழிலாளியின் கவலை. பின் சீட்டில் மீன் கூடை ஏற்றிப் போகும் சிறு வியாபாரியின் கவலை. புது வண்டியின் விலை லட்ச ரூபாயை ஒட்டி நிற்கிறது. பழைய வண்டிதான் இவர்களின் கால். அந்தக் கால் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதானே சோதனையின் வேலை?

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி, சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். நன்றாகக் கவனியுங்கள். முதல் 15 ஆண்டுகளில் அந்த மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பார்க்கச் சட்டத்தில் நாள் குறிக்கப்படவில்லை. புகைச் சர்டிபிகேட் உண்டு. அது புகையைப் பற்றியது, பிரேக்கைப் பற்றியது அல்ல. 15 ஆண்டு கண்ணை மூடிக்கொண்டிருந்து, பிறகு ஒரு நாள் விழித்துப் பார்த்து, மறுபடியும் ஐந்து ஆண்டு உறங்கப் போகும் காவல்காரனை நாம் என்னவென்று அழைப்பது?

சரி, விழிக்கும் அந்த ஒரு நாளிலாவது என்ன நடக்கிறது? எப்.சி. மைதானத்துக்குப் போய் வந்தவர்கள் அறிவார்கள். சேஸிஸ் நம்பர் மீது காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கிறார்கள். நம்பர் பிளேட், ஹாரன், ஹெட்லைட், கண்ணாடி இவற்றைப் பார்க்கிறார்கள். மிஞ்சிப் போனால் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். டிரம்முக்குள்ளே பிரேக் ஷூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது? முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டினால் போர்க் ஆடுகிறதா? ஹாண்டில்பாரைத் திருப்பும்போது பால் ரேஸ் நடுவில் தட்டுப்படுகிறதா? ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்து பின் சக்கரம் பக்கவாட்டில் அசைகிறதா? இவையல்லவா உயிரைக் காப்பவை, உயிரை எடுப்பவை! இவற்றைப் பார்க்க நேரமும் வேண்டும், கருவியும் வேண்டும்.

நாம் இதற்கு ஒரு தனி இன்ஸ்பெக்டரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. வரிசையில் வண்டிகள் நிற்கின்றன. கையில் இருப்பது ஒரு பேனா. கண்ணாலும் காதாலும் மட்டும் பார்த்து ஒருவர் சொல்லும் தீர்ப்பு, மறுநாள் இன்னொருவர் பார்த்தால் மாறலாம். ஒரே வண்டி திங்கட்கிழமை தேறி, செவ்வாய்க்கிழமை தோற்குமானால், அது சோதனையா, குலுக்கல் சீட்டா? குலுக்கல் சீட்டு நடக்கும் இடத்தில்தான் புரோக்கர் கடை விரிக்கிறான். அளவு தெளிவாக இருக்கும் இடத்தில் அவனுக்கு விற்க என்ன இருக்கிறது?

கடைக்காரரின் தராசை நினைத்துப் பாருங்கள். எடைக்கல்லுக்கு முத்திரை போடுகிறார்கள். ஏன்? கல் குறைந்தால் வாங்குகிறவருக்கு நஷ்டம், கூடினால் விற்கிறவருக்கு நஷ்டம். சோதனையும் ஒரு தராசுதான். அதிலும் இரண்டு வகை நஷ்டம் உண்டு. கெட்ட வண்டியை நல்லது என்று சொன்னால், ஓட்டுபவர் உயிருக்கும் எதிரே வருபவர் உயிருக்கும் ஆபத்து. நல்ல வண்டியைக் கெட்டது என்று சொன்னால், ஒரு தொழிலாளியின் பிழைப்புக்கு ஆபத்து. இந்த இரண்டு தவறும் குறைந்தால்தான் அதற்குச் சோதனை என்று பெயர்.

அளக்கவே முடியாத விஷயமா இது? இல்லை. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் தாண்டுகிறது. நல்ல பிரேக் இருந்தால், உலர்ந்த ரோட்டில், பிரேக் பிடித்த இடத்திலிருந்து சுமார் 10 மீட்டரில் நிறுத்தலாம். பிரேக்கின் பிடிப்பு பாதியாகக் குறைந்தால் 20 மீட்டர் வேண்டும். பள்ளிக்கூடத்து வாசலில் அந்தப் பத்து மீட்டர் வித்தியாசத்துக்கு என்ன பொருள் என்று விளக்கவும் வேண்டுமா? டயருக்கும் அளவு இருக்கிறது. இருசக்கர வண்டியின் டயரில் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. விதி இருக்கிறது, அளந்து எழுதிக் கொடுக்கும் கைதான் இல்லை.

இங்கிலாந்தில் 1960-இல் தொடங்கி இந்தச் சோதனை நடந்து வருகிறது. எம்.ஓ.டி. என்று அதற்குப் பெயர். மோட்டார் சைக்கிள் மூன்று ஆண்டு முடிந்தவுடன் முதல் சோதனை. அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. பிரேக்கை உருளைக் கருவியில் ஏற்றி அளக்கலாம். வண்டியின் எடையோடு ஒப்பிட்டால் ஒரு பிரேக் 30 சதவீதமும் மற்றது 25 சதவீதமும் பிடிக்க வேண்டும். டயர்ப் பள்ளம் ஒரு மில்லிமீட்டர். 2018 முதல் குறைகளை மூன்றாகப் பிரித்து எழுதுகிறார்கள்: அபாயமானவை, பெரியவை, சிறியவை. ஒரு வண்டியின் பழைய சோதனை முடிவுகளை, பதிவு நம்பரைக் கொண்டு யாரும் பார்க்கலாம். தோற்றவருக்கு மேல்முறையீடு செய்யும் உரிமையும் உண்டு.

அங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நாம் புகழ் பாடவில்லை. சோதிக்கும் பட்டறையே ரிப்பேரும் செய்யலாம் என்பது அந்த ஏற்பாட்டின் பலவீனம். 40 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு 2018 முதல் கட்டாயச் சோதனை தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள், அதுவும் விவாதத்துக்குரியதே. ஆனால் ஒரு பாடம் தெளிவு. அடிக்கடி பார், அளந்து பார், எழுதி வை, எல்லோருக்கும் காட்டு. நம்பிக்கை பிறப்பது இந்த நான்கிலிருந்துதான்.

நம் நாட்டில் 2021 செப்டம்பரில் கருவிச் சோதனை நிலையங்களுக்கு விதிகள் வெளிவந்தன. மனிதக் கண்ணுக்குப் பதிலாகக் கருவி அளக்கும். சோதிக்கும் நிலையம் ரிப்பேர் செய்யவோ உதிரிப் பாகம் விற்கவோ கூடாது. இது நல்ல ஏற்பாடு, வரவேற்கிறோம். ஆனால் இந்த நிலையங்களைத் தனியாரும் நடத்தலாம். ஆகவே நாம் கேட்கிறோம்: கருவியின் முத்திரையைச் சோதிப்பது யார்? கருவி காட்டிய எண் வண்டிக்காரரின் கைக்கு வருமா, அல்லது ‘தோல்வி’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் வருமா? ஒரு நாள் கூலியை இழந்து எத்தனை மைல் தூரம் வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டும்?

இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லுமுன்பே சர்க்கார் கட்டணத்தை ஏற்றிவிட்டது. 300 ரூபாயாக இருந்த மோட்டார் சைக்கிள் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து 1,000 ரூபாய். 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். கட்டணம் ஏறிய அளவுக்குச் சோதனையின் தரம் ஏறியதா? ஏறியிருந்தால் தொழிலாளி பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பார். பென்சில் தேய்ப்புக்கு 300, அதே பென்சில் தேய்ப்புக்கு 1,000 என்றால், அது சோதனைக் கட்டணமா, வயதுக்கு விதித்த அபராதமா?

வயதை மட்டும் பார்க்கும் புத்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டில்லி சாட்சி. 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டியும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று அங்கே தடை. 2018-இல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. 2025 ஜூலை முதல் தேதி, அப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பெட்ரோல் ஊற்றக் கூடாது என்று உத்தரவு நடைமுறைக்கு வந்தது; எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. அந்த ஆகஸ்டில் கோர்ட்டு, வயதைக் காரணம் காட்டி நடவடிக்கை வேண்டாம் என்றது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கே என்று சுருக்கியது. பி.எஸ்.-4 மோட்டார் சைக்கிள்கள் பரவலாக வந்ததே 2017-இல். ஆக, 15 ஆண்டு தாண்டிய ஏழையின் பெட்ரோல் வண்டிக்கு அந்தக் குடையில் இடம் கிடைக்கவில்லை. டில்லிக் காற்று நஞ்சாகியிருப்பது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வண்டியின் புகையையும் நம்பும்படி அளக்க முடிந்திருந்தால், காலண்டரைப் பார்த்துத் தீர்ப்பு எழுத வேண்டிய அவசியம் வந்திருக்குமா?

“பழைய வண்டிகளெல்லாம் எப்படியும் ஓடட்டும் என்கிறீர்களா?” என்று சிலர் கேட்கலாம். இல்லை, ஒருக்காலும் இல்லை! 2022-இல் மட்டும் இந்திய ரோடுகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். இத்தனை சாவுக்கும் பழைய பிரேக்தான் காரணம் என்று சொன்னால் அது பொய். அதிவேகம்தான் பெரிய எமன். ஆனால் வேகத்தை அடக்க வேண்டிய பிரேக்கே பழுதாக இருந்தால் பிழைக்க வழி ஏது? சோதனை தேவையில்லை என்பதல்ல நம் வாதம். உண்மையான சோதனை வேண்டும் என்பதே நம் வாதம்.

ஆகவே நாம் கேட்பவை இவை. ஒன்று: பிரேக் எத்தனை சதவீதம், டயர் எத்தனை மில்லிமீட்டர், புகை எவ்வளவு என்று எண்களைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு: தோற்ற வண்டியின் குறையைத் தீர்த்துக்கொண்டு வந்தால், அந்தக் குறைக்கான மறுசோதனைக்குக் கட்டணம் கூடாது. மூன்று: தாலுக்கா தோறும் சோதனைக்கு இடம் வேண்டும். நான்கு: கருவிகளுக்குக் காலந்தோறும் முத்திரை வேண்டும், முடிவுகள் பகிரங்கமாக இருக்க வேண்டும். ஐந்து: வண்டியை அது பிறந்த காலத்து விதியால் அளக்க வேண்டும். 2019-க்குப் பிறகுதான் புது வண்டிகள் அனைத்துக்கும் ஏ.பி.எஸ். அல்லது சி.பி.எஸ். பிரேக் கட்டாயமானது, 2005-ஆம் ஆண்டு வண்டியிடம் அதைக் கேட்பது நியாயமாகாது. 2000 மார்ச்சுக்கு முந்தைய மோட்டார் சைக்கிளுக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை என்று புகை விதி தனி அளவு கொடுத்திருக்கிறது. பிரேக்குக்கும் அதே நியாயம் வேண்டும்.

சர்க்காரிடம் கேட்டுவிட்டு நம் கடமையை நாம் மறந்துவிடலாமா? தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. சோதனை நாளுக்கு மட்டும் நண்பரின் நல்ல டயரை மாட்டிக்கொண்டு போய், மறுநாள் மொட்டை டயரைத் திரும்பப் பூட்டுவது யாரை ஏமாற்றுவது? புரோக்கர் கையில் திணிக்கும் பணத்தில் இரண்டு பிரேக் ஷூ வாங்கிவிடலாமே! மாதம் ஒரு முறை முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். செயினை விரலால் அழுத்திப் பாருங்கள். பிரேக் கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் அன்றே மாற்றுங்கள். தெரு மெக்கானிக் நமக்குத் தெரிந்தவர்தான். “பார்த்துச் சொல்லுங்க அண்ணே” என்றால் பார்க்க மாட்டாரா? நம் சங்கங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாலு மெக்கானிக்குகளைக் கூட்டி, உறுப்பினர்களின் வண்டிகளை வரிசையில் நிறுத்திப் பார்க்கலாம். அப்படிப் பார்த்து எழுதிய குறிப்பு கையில் இருந்தால், மைதானத்தில் “எந்த அளவில் தோற்றது, எண்ணைக் காட்டுங்கள்” என்று நிமிர்ந்து கேட்கலாம்.

வண்டிக்கு வயதாவது குற்றமல்ல. பிரேக் பிடிக்காததுதான் குற்றம். அதைக் கண்டுபிடிக்காமல் சர்டிபிகேட் கொடுப்பது அதைவிடப் பெரிய குற்றம். கட்டணம் கட்டும் கொத்தனாரும், மில் தொழிலாளியும், மீன் வியாபாரியும் கேட்பது சலுகை அல்ல. கொடுத்த காசுக்கு ஒரு நேர்மையான அளவு. அந்த அளவைக் கொடுக்கும் நாள் வரை, நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.