மிரட்டலால் முடியவில்லை பனிப்போர்

ஈரானோடு, வடகொரியாவோடு, சீனாவோடு பேசிப் பார்க்கலாம் என்று யாராவது வாய்திறந்தால் போதும், முன்னாள் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகனின் பெயரைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்திவிடுகிறார்கள். ரீகன் ஆயுதத்தைக் குவித்தார், விண்வெளியில் கவசம் கட்டுவேன் என்றார், ஈடுகொடுக்க முடியாமல் சோவியத் யூனியன் திவாலாகி விழுந்தது, அமெரிக்கா வென்றது. அமெரிக்கப் பழமைவாதிகளின் மேடைகளில் இது வேதவாக்கு. நம் தொலைக்காட்சி விவாதங்களிலும் வெளியுறவு என்று பேச்செடுத்தால் இதே பாடத்தைத்தான் ஒப்பிக்கிறார்கள்: அடிக்கிற கைக்குத்தான் அடங்குவான்.

இந்தக் கதை தவறு. கொஞ்சம் உண்மையும் கலந்திருப்பதால்தான் இத்தனை ஆண்டுகளாக நிற்கிறது. கதையின் நாயகனே எட்டு ஆண்டுகள் வெள்ளை மாளிகையில் இருந்து செய்த காரியங்களை வரிசையாக எடுத்து வைத்தால், அவர் பெயரால் சொல்லப்படும் பாடம் நேர் எதிராகத் திரும்பிவிடும்.

கலந்திருக்கும் உண்மையை முதலில் சொல்லிவிடலாம். ரீகன் பதவிக்கு வந்ததும் ராணுவச் செலவு மளமளவென்று ஏறியது. 1983 மார்ச் 8 அன்று ஃபுளோரிடாவில் கிறிஸ்தவ மத போதகர்கள் கூடிய அவையில் சோவியத் யூனியனைத் தீய சாம்ராஜ்யம் என்றார். பதினைந்தே நாளில், எதிரியின் ஏவுகணைகளை வழியிலேயே அழிக்கும் கவசத் திட்டத்தை அறிவித்தார். அந்த நவம்பரில் அமெரிக்காவின் பெர்ஷிங்-2 ஏவுகணைகள் மேற்கு ஜெர்மனியில் வந்து இறங்கின. இதில் எதையும் மறுக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது, இந்த மூன்றாண்டுக் கெடுபிடி எதைச் சாதித்தது என்பதைத்தான்.

ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படை விலகவில்லை. அரசை எதிர்த்த சோவியத் அறிவியலாளர் சகாரோவ் கார்க்கி நகரில் காவலில்தான் இருந்தார். பெர்ஷிங் வந்து இறங்கிய உடனே, 1983 நவம்பர் 23 அன்று, ஜெனிவாவில் நடந்துகொண்டிருந்த ஏவுகணைப் பேச்சுவார்த்தையிலிருந்து சோவியத் தூதர்கள் எழுந்து போய்விட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதி, வழிதவறித் தங்கள் வான்வெளிக்குள் வந்த தென்கொரியப் பயணிகள் விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். அதே மாதம் 26ஆம் தேதி, அமெரிக்க ஏவுகணைகள் கிளம்பிவிட்டன என்று மாஸ்கோவுக்கு அருகே ஒரு எச்சரிக்கைக் கணினி அலறியது. பணியில் இருந்த அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அதை நம்பாமல், பொய் அலாரம் என்று மேலிடத்துக்குத் தகவல் சொன்னார். அவர் கணித்தது சரி.

நவம்பரில் நேட்டோ நாடுகள் 'ஏபிள் ஆர்ச்சர்' என்ற பெயரில் அணு ஆயுதப் போர் ஒத்திகை நடத்தின. கிழக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் இருந்த சோவியத் விமானப் பிரிவுகள் உஷார்நிலைக்குப் போயின. அமெரிக்க அதிபரின் உளவு ஆலோசனைக் குழு 1990இல் இதைப் பற்றி ரகசிய அறிக்கை ஒன்று எழுதியது. 2015இல் வெளியான அந்த அறிக்கை, தன்னையறியாமலேயே அமெரிக்கா நிலைமையை மயிரிழைக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்கிறது. அந்த ஆபத்து எவ்வளவு பெரியது என்று வரலாற்றாசிரியர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். ஆனால் எதிரி பணிந்தான் என்று அவர்களில் எவரும் சொல்வதில்லை. மிரட்டல் உச்சத்தில் இருந்த ஆண்டு, அதன் பலன் மிகக் குறைவாக இருந்த ஆண்டும் அதுதான்.

இதை உணர்ந்தவர் ரீகனேதான். அணுகுண்டு விழுந்த கன்சாஸ் நகரைக் காட்டும் 'தி டே ஆஃப்டர்' படத்தை 1983 அக்டோபரில் அவருக்குத் திரையிட்டுக் காட்டியபோது, அது தன்னை மிகவும் மனம் சோரச் செய்துவிட்டதாக நாட்குறிப்பில் எழுதினார். 1984 ஜனவரி 16 அன்று அவர் ஆற்றிய உரை வேறொரு மனிதரின் உரைபோல இருந்தது. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு ரஷ்யத் தம்பதியும் ஓர் அமெரிக்கத் தம்பதியும் சந்தித்தால் எதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள் என்று கேட்டார். பிள்ளைகளைப் பற்றி, வேலையைப் பற்றித்தான் பேசுவார்கள் என்றார். சோவியத் தலைவராகக் கோர்பச்சேவ் பதவிக்கு வர இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. எதிரி இறங்கி வந்த பிறகு ரீகன் இறங்கி வந்தார் என்பதும் ஆகவே நிற்காது.

வெளியே இடிமுழக்கம் கேட்டுக்கொண்டிருந்த நாளிலேயே உள்ளே வேறு வேலை நடந்தது. 1978 ஜூனில் சைபீரியாவைச் சேர்ந்த பெந்தகொஸ்தே குடும்பங்கள் இரண்டு, காவலர்களை மீறி மாஸ்கோவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓடிவந்தன. உள்ளே நுழைய முடிந்தது ஏழு பேரால். வெளியே போனால் கைது, நாட்டை விட்டுப் போக அனுமதி இல்லை. அந்தத் தூதரகத்தின் அடித்தளத்தில் ஏறக்குறைய ஐந்தாண்டு அடைந்து கிடந்தார்கள். 1983 பிப்ரவரி 15 அன்று வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் சோவியத் தூதர் தொப்ரீனினைச் சத்தமில்லாமல் வெள்ளை மாளிகைக்கு அழைத்து வந்தார். ரீகன் அவரோடு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார். அந்த ஏழு பேரை விட்டுவிடுங்கள், நான் இதைச் சொல்லித் தம்பட்டம் அடிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். சில மாதங்களில் அந்தக் குடும்பங்கள் நாட்டை விட்டு வெளியேறின. ரீகன் வாய் திறக்கவில்லை. ஆகஸ்டில் சோவியத்துக்குத் தானியம் விற்கும் நீண்டகால ஒப்பந்தமும் கையெழுத்தானது. தீய சாம்ராஜ்யம் என்ற உரை அந்தச் சந்திப்புக்கு மூன்று வாரம் கழித்து வந்தது. அந்த உரையைப் பழமைவாதிகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஏழு பேருக்கு விடுதலை வாங்கித் தந்த சந்திப்போ அவர்கள் சொல்லும் கதையில் இல்லவே இல்லை.

கவசம் எதிரியை மண்டியிட வைத்தது என்ற வாதத்துக்கு வருவோம். 1986 அக்டோபரில் ஐஸ்லாந்தின் ரெய்காவிக்கில் ரீகனும் கோர்பச்சேவும் எல்லா அணு ஆயுதங்களையும் ஒழிப்பது வரை பேசிப் போனார்கள். கவச ஆராய்ச்சி சோதனைக்கூடத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்றார் கோர்பச்சேவ், ரீகன் மறுத்தார், சந்திப்பு முறிந்தது. அதாவது கவசம் உடன்பாட்டைக் கொண்டுவரவில்லை, தடுத்தது. முடிச்சு அவிழ்ந்தது, கவசத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்று சோவியத் பக்கம் தெளிந்த பிறகுதான். 1986 டிசம்பரில் விடுதலையான சகாரோவ், அடுத்த பிப்ரவரியில் மாஸ்கோவில் நடந்த மாநாட்டில், இந்தக் கவசம் வேலைக்கு ஆகாது, அதை ஒப்பந்தத்தோடு பிணைக்காதீர்கள் என்று வாதாடினார். பிப்ரவரி 28 அன்று கோர்பச்சேவ் இரண்டையும் பிரித்துவிட்டதாக அறிவித்தார். அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று வாஷிங்டனில் நடுத்தூர ஏவுகணை ஒழிப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. கவசமோ கடைசிவரை கட்டப்படவே இல்லை.

அந்த ஒப்பந்தம் 1991 நடுவுக்குள் 2,692 ஏவுகணைகளை அழித்தது. அமெரிக்கா இழந்தவை 846, சோவியத் யூனியன் இழந்தவை 1,846. பேச்சுவார்த்தை என்றாலே விட்டுக்கொடுப்பது என்று சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கையை மட்டும் வைத்து அவர்கள் கையெழுத்துப் போடவும் இல்லை. இசையமைப்பாளர் சைகோவ்ஸ்கி பிறந்த வோட்கின்ஸ்க் ஊரில் சோவியத்தின் பெரிய ஏவுகணை ஆலை இருக்கிறது. வெளிநாட்டார் கால் வைக்க முடியாதிருந்த அந்த ஊரில், 1988 ஜூலையிலிருந்து அமெரிக்க ஆய்வாளர்கள் முப்பது பேர் வரை ஆலை வாசலிலேயே குடியிருந்தார்கள். வெளியே போகும் வண்டி, ஏவுகணை வைக்கும் அளவுக்கு நீளமா என்று அளந்தார்கள். தடைசெய்யப்பட்ட எஸ்எஸ்-20க்கும் அனுமதிக்கப்பட்ட எஸ்எஸ்-25க்கும் முதல் அடுக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருந்ததால், பெட்டிக்குள் இருப்பது எது என்று பார்க்கப் பெரிய எக்ஸ்ரே கருவி ஒன்றையும் நிறுவினார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மேக்னாவில் இருந்த ஆலை வாசலில் சோவியத் ஆய்வாளர்கள் அதே வேலையைச் செய்தார்கள். பதின்மூன்று ஆண்டுகள் இது நடந்தது. எந்த உளவாளியாலும் எந்தச் செயற்கைக்கோளாலும் ரஷ்ய ஆலை வாசலில் இப்படிப் பகலில் நின்று பெட்டியை அளந்திருக்க முடியாது.

அப்போது அமெரிக்க வலதுசாரிகள் ரீகனைக் கொண்டாடினார்களா? 'நேஷனல் ரிவ்யூ' இதழ் 1987இல் ரீகனின் தற்கொலை ஒப்பந்தம் என்று அட்டையில் போட்டது. முன்னாள் அதிபர் நிக்சனும் அவருடைய வெளியுறவு அமைச்சராக இருந்த கிஸிஞ்சரும் சேர்ந்து எதிர்த்துக் கட்டுரை எழுதினார்கள். பழமைவாதத் தலைவர் ஹோவர்ட் பிலிப்ஸ், சோவியத் பிரசாரத்துக்குப் பயன்படும் முட்டாள் என்று ரீகனையே ஏசினார். ஹிட்லரிடம் ஏமாந்த பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லேனின் படத்துக்குப் பக்கத்தில் ரீகனின் படத்தைப் போட்டுப் பத்திரிகை விளம்பரங்கள் வந்தன. 1988 மே மாதம் செனட்டில் ஒப்பந்தம் 93க்கு 5 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்த ஐவரில் நால்வர் ரீகனின் சொந்தக் குடியரசுக் கட்சிக்காரர்கள். அன்றைக்கு அவரைக் கோழை என்றவர்களின் அரசியல் வாரிசுகள்தான் இன்றைக்கு அவரை வீரர் என்று காட்டி, அவர் செய்த வேலையைச் செய்யாதே என்கிறார்கள்.

ஒப்பந்தம் நிறைவேறிய சில நாட்களிலேயே ரீகன் மாஸ்கோவில் இருந்தார். இன்னும் இதைத் தீய சாம்ராஜ்யம் என்று நினைக்கிறீர்களா என்று கிரெம்ளினில் ஒருவர் கேட்டார். இல்லை, அது வேறொரு காலம் என்றார். மாற்றத்துக்குக் காரணம் யார் என்று நிருபர்கள் கேட்டபோது, பெரும்பங்கு கோர்பச்சேவுக்கே சேரும் என்றார். வெற்றிக் கதையைத் தொடங்கி வைத்தது அவருக்குப் பின் வந்தவர். தேர்தல் ஆண்டான 1992 ஜனவரியில் தந்தை புஷ் நாடாளுமன்றத்தில் நின்று, கடவுள் அருளால் அமெரிக்கா பனிப்போரில் வென்றது என்றார். ஆறு மாதத்துக்கு முன்பு, 1991 ஆகஸ்ட் முதல் தேதி, அதே புஷ் கீவ் நகரில் உக்ரைனியர்களிடம் தற்கொலைக்கு ஒப்பான தேசியவாதம் வேண்டாம் என்று எச்சரித்துவிட்டு வந்திருந்தார். சோவியத் யூனியன் உடைவதை அவர் விரும்பவே இல்லை.

அந்த நாடு உடைந்ததற்குக் காரணங்கள் பெரும்பாலும் உள்ளே இருந்தன. அதன் அந்நியச் செலாவணி எண்ணெயில் இருந்தது. 1985 கடைசியில் முப்பது டாலரை ஒட்டியிருந்த பீப்பாய் விலை, அடுத்த ஆண்டு நடுவில் பத்து டாலர் அருகே சரிந்தது. இதையும் வாஷிங்டனின் சதித்திறமை என்று ரீகன் கணக்கில் எழுதுவோர் உண்டு. சவூதி அரேபியா இழந்த சந்தையை மீட்கவே உற்பத்தியைக் கூட்டியது. அமெரிக்காவின் சொந்த எண்ணெய் நிறுவனங்களும் சேர்ந்து நொடித்ததால், விலை நிலைப்பட வேண்டும் என்று கேட்க 1986 ஏப்ரலில் துணை அதிபர் புஷ்ஷே சவூதிக்குப் போக வேண்டியிருந்தது. பால்டிக் மக்களின் எழுச்சி, ரஷ்யத் தலைவர் யெல்த்சினின் பதவிப் போட்டி, 1991 ஆகஸ்டில் தோற்ற கவிழ்ப்பு முயற்சி ஆகியவை மீதியைச் செய்து முடித்தன. ரீகனின் ஏவுகணைகள் லிதுவேனியாவில் யாரையும் தெருவுக்கு அழைத்துவரவில்லை.

பழைய வரலாற்றைப் பற்றிய வாய்ச்சண்டை மட்டும் இது என்றால் விட்டுவிடலாம். இந்தத் தவறான பாடத்தை வைத்துக்கொண்டு கொள்கை வகுத்தார்கள், அதன் விலையை உலகம் கொடுக்கிறது. அமெரிக்காவோடு செய்துகொண்ட 1994 உடன்பாட்டின்படி வடகொரியாவின் புளூட்டோனிய உலை மூடிக் கிடந்தது. அந்த நாடு திருட்டுத்தனமாக யுரேனிய வழியிலும் இறங்கியது உண்மை. அதைப் பேசித் தீர்க்காமல் மகன் புஷ்ஷின் அரசு 2002இல் உடன்பாட்டையே முறிய விட்டது. வடகொரியா உலையைத் திறந்தது, 2006 அக்டோபர் 9 அன்று முதல் அணுகுண்டை வெடித்தது. ஈரான் 2015 ஒப்பந்தத்தின் கீழ் யுரேனியத்தை 3.67 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டக் கூடாது என்றிருந்தது. 2018 மே மாதம் டிரம்ப் விலகி, உச்சபட்ச நெருக்குதல் என்று அறிவித்தார். 2021 ஏப்ரலில் ஈரான் 60 சதவீதத்தில் நின்றது. இரண்டு இடங்களிலும் கெடுபிடி கூடியது, எதிரியின் கையில் இருந்த ஆபத்தும் கூடியது.

ரீகன் கையெழுத்திட்ட நடுத்தூர ஏவுகணை ஒப்பந்தத்துக்கும் அதே கதி. ரஷ்யா அதை மீறிப் புதிய ஏவுகணை செய்தது என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இருந்தது. ஆய்வாளரை மீண்டும் வாசலில் நிறுத்தப் போராடியிருக்க வேண்டிய இடம் அது. டிரம்ப் அரசு 2019 ஆகஸ்ட் 2 அன்று ஒப்பந்தத்தை விட்டே வெளியேறியது. 2024 நவம்பரில் உக்ரைனின் நிப்ரோ நகர்மேல் ரஷ்யா வீசிய ஒரேஷ்னிக், ரீகன் ஒழித்த அந்த ரகத்தைச் சேர்ந்த ஏவுகணை.

2025 மே மாதம் டிரம்ப், 17,500 கோடி டாலரில் 'கோல்டன் டோம்' என்ற ஏவுகணைக் கவசம் கட்டப்போவதாக அறிவித்து, ரீகன் தொடங்கியதை முடிக்கப்போவதாகச் சொன்னார். ரீகன் தொடங்கியவற்றில் கட்டப்படாத ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே எஞ்சியிருந்த கடைசி அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் காலக்கெடு 2026 பிப்ரவரி 5. அதன் இடத்தில் வேறொன்று இல்லை. சீனாவின் அணுகுண்டுகள் 2030க்குள் ஆயிரத்தைத் தாண்டும் என்று பென்டகனே கணிக்கிறது. அவற்றின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த பெய்ஜிங்கோடு அமெரிக்கா ஓர் ஒப்பந்தமும் செய்ததில்லை. ரீகனின் பெயரைச் சொல்லி ஆதரவு கேட்பவர்கள், 1983 பிப்ரவரியில் ஷுல்ட்ஸ் தொப்ரீனினை அழைத்து வந்ததுபோலச் சீனத் தூதரை எப்போது அழைத்து வரப்போகிறார்கள் என்று அவர்களுடைய வாக்காளர்கள் கேட்க வேண்டும்.