பாடும் பூங்காவும்

பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில் யார் வலை விரிப்பது என்பதை மீனவக் கிராமங்கள் 'பாடு' என்னும் முறைவைப்பால் தாங்களே வகுத்துக்கொள்கின்றன. பாட்டுரிமை எல்லாருக்கும் கிடைப்பதில்லை, அக்குறையை மறைப்பதற்கில்லை. இத்தகைய பொதுவள ஆளுகையை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் நோபல் பரிசு பெற்றபோது, வகுப்பில் நான் சுட்டிய முதல் எடுத்துக்காட்டு பழவேற்காடுதான்.

சென்னை கோட்டூர்புரத்தில், குப்பைமேடாகக் கிடந்த பொதுப்பணித் துறை நிலத்தை 'நிழல்' அமைப்பும் தன்னார்வலர்களும் மரப்பூங்காவாக்கினர். இன்று அங்கே நாட்டு மரங்களும் வண்ணத்துப்பூச்சிகளும். மகிழ்ச்சியே. ஆனால், நட்டு நீரூற்றுவதால் மட்டும் நிலத்தின்மீது உரிமை வந்துவிடாது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்க்கையில் பழவேற்காட்டு மீனவர்களுக்குத் தலைமுறைகளின் பாடு துணைநின்றது. நாளை சாலைத் திட்டமொன்று வந்தால் பூங்கா வளர்த்தோர் எதைக் காட்டுவர்? தரிசு நிலத்தை அக்கம்பக்கத்தாரிடம் ஒப்படைக்கும்போதே, முடிவெடுப்பதில் அவர்களுக்குள்ள இடத்தையும் அரசு எழுத்தில் தர வேண்டும்.