நட்ட கணக்கு போதாது, நிழல் கணக்கு வேண்டும்

மாநகர் மன்றம் மக்களின் வரிப்பணத்தில் மரம் நட வேண்டுமா? பினாங்கில் அவ்வப்போது எழும் இந்தக் கேள்விக்கு 2024ஆம் ஆண்டு சூடு ஏற்றிவிட்டது. அவ்வாண்டு மே 7ஆம் தேதி கோலாலம்பூர், ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் ஒன்று வாகனங்கள் மீது சாய்ந்ததில் ஒருவர் உயிரிழந்தார். செப்டம்பர் 18ஆம் தேதி ஜார்ஜ்டவுனில், மாநகர் மண்டபத்துக்கு அருகில், வேன் ஒன்றின் மீது மரம் விழுந்து சீன நாட்டுச் சுற்றுப்பயணிகள் இருவர் மாண்டனர். இருக்கும் மரங்களையே பார்த்துக்கொள்ள முடியவில்லை, புதிதாக எதற்கு நட வேண்டும் என்று ஒரு சாரார் கேட்கின்றனர். கால்வாய் அடைப்பு, வெள்ளம், சாலைக் குழி என்று செலவுகள் வரிசையில் நிற்கும்போது மரத்துக்குப் பணமா என்பது இன்னொரு சாராரின் வாதம்.

இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனாலும் மன்றங்கள் மரத்துக்குச் செலவிடத்தான் வேண்டும் என்பது என் நிலைப்பாடு. சண்டை போட வேண்டியது எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதைப் பற்றி.

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். ஓர் இடத்தில் தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 முதல் 37 டிகிரி வரை வெப்பம் பதிவானால் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் கட்ட எச்சரிக்கை விடுக்கிறது. 37ஐத் தாண்டினால் இரண்டாம் கட்டம். அப்போது பள்ளிகளில் திடல் நடவடிக்கைகள் நிறுத்தப்படுகின்றன. நிழல் விழும் தரையும் சுவரும், வெயிலில் காயும் தரையையும் சுவரையும்விட உச்சி வேளையில் 11 முதல் 25 டிகிரி வரை குளிர்ச்சியாக இருக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம். பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவனுக்கும், நடந்தே சந்தைக்குப் போகும் மூதாட்டிக்கும் குளிர்சாதனம் யார் கொடுப்பார்? காரில் போகிறவருக்கு மரம் ஓர் அழகு. நடந்து போகிறவருக்கு அது அத்தியாவசியம்.

மரம் நமக்குப் புதிதும் இல்லை. பினாங்கு என்ற பெயரே பாக்கு மரத்திலிருந்து வந்தது. ஜார்ஜ்டவுன் எழுந்த நிலமுனைக்குப் பழைய பெயர் தஞ்சோங் பெனாகா. பெனாகா என்பது வேறொன்றுமில்லை, நம் சங்கப் பாடல்களில் நெய்தல் நிலத்து மரமாக வரும் புன்னைதான்.

அதே வரலாறு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. பினாங்கிலும் மலாக்காவிலும் சாலையோரங்களை அலங்கரித்தவை அங்சானா மரங்கள். நம் ஊர் வேங்கையின் உறவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த ஒரு நோய் அவற்றை வரிசையாகச் சாய்த்தது. ஒரே இனத்தை வரிசை வரிசையாக நட்டால் ஒரே நோய் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். அமெரிக்கத் தாவரவியலாளர் பிராங்க் சந்தமூர் 1990இல் ஒரு விதியை முன்வைத்தார். ஒரு நகரின் மரங்களில் ஓர் இனம் 10 விழுக்காட்டுக்கு மேலும், ஒரு பேரினம் 20க்கு மேலும், ஒரு குடும்பம் 30க்கு மேலும் இருக்கக்கூடாது என்பதே அது.

இனி பண விவகாரத்துக்கு வருவோம். மரம் நடு விழா எப்படி நடக்கும் என்பது நாம் அறிந்ததே. கூடாரம், வரவேற்புரை, பிரமுகர் கையில் புது மண்வெட்டி, நிழற்படம், மறுநாள் நாளிதழில் ஒரு எண். 2021இல் நம் நாடு தொடங்கிய இயக்கமும் ஓர் எண்ணைத்தான் பெயராகக் கொண்டது: 10 கோடி மரங்கள். எண்களை நான் குறை சொல்லவில்லை. நட்ட அன்றைக்கு எண்ணி முடித்துவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் குறைவு என்கிறேன்.

அண்டை நாடான சிங்கப்பூர் இதை அனுபவத்தில் கற்றது. 1963 ஜூன் 16ஆம் தேதி லீ குவான் யூ ஒரு மரத்தை நட்டு அங்கே மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். விழாக்களில் நடப்பட்ட கன்றுகள் பல, பார்ப்பாரின்றி மடிந்தன. நட்ட பிறகு பராமரிப்பதற்கென்றே ஒரு துறை வேண்டும் என்பதை அதிலிருந்து தெரிந்துகொண்டதாக அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இன்று நாம் வியக்கும் அந்தப் பசுமைக்குப் பின்னால் இருப்பது அந்தத் துறையும் அதற்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் பணமும்தான்.

பினாங்குத் தீவுக்கு ஐக்கிய நாடுகளின் வாழ்விட அமைப்பு வழியாக 1 கோடி அமெரிக்க டாலர் பெறுமானமுள்ள தட்பவெப்பத் தகவமைப்புத் திட்டம் கிடைத்திருக்கிறது. சாலையோர மரங்களும் சிறு பூங்காக்களும் அதில் அடங்கும். நல்ல வாய்ப்புதான். ஆனால் உதவி நிதி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். மரமோ அறுபது, எண்பது ஆண்டுகள் நிற்கும். அந்த ஆண்டுகளுக்கான செலவு மதிப்பீட்டு வரி கட்டும் நம் தலையில்தான் விழும். அதை இப்போதே வரவு செலவுத் திட்டத்தில் எழுதி வைப்பதுதான் நேர்மை.

இந்தப் பாடத்துக்கு நாம் சிங்கப்பூர் வரை போக வேண்டியதும் இல்லை. நிபோங் திபாலை அடுத்த பைராம் தோட்டத்தில் மூத்தவர் யாரையாவது கேட்டால் போதும். தென் செபராங் பிறையின் தோட்டங்கள் முதலில் கரும்பும், பிறகு ரப்பரும், அதற்குப் பிறகு செம்பனையும் கண்டவை. மண்ணில் ஒரு கன்றை ஊன்றி அதைக் காசாக்கும் வரை காப்பாற்றுவது நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகச் செய்த தொழில்.

செம்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். நாற்றுமேடையில் ஏறக்குறைய ஓராண்டு வளர்ந்த கன்றுதான் நிலத்துக்குப் போகும். ஹெக்டேருக்கு 136 முதல் 148 கன்றுகள். நட்ட பிறகு கன்றைச் சுற்றி வட்டமாகப் புல் வெட்டுவார்கள். உரம் போடுவார்கள். எலி, முள்ளம்பன்றி கடிக்காமல் பார்ப்பார்கள். செத்த கன்றை எண்ணி, அதே குழியில் வேறு கன்று வைப்பார்கள். இத்தனையும் செய்து முப்பது மாதம் கழித்துத்தான் முதல் குலை. நட்ட அன்றே கணக்கை மூடிவிட்டுக் கிராணியால் துரையிடம் போய் நிற்க முடியுமா? மறுநாள் பெரட்டில் பேச்சு வாங்கித் தீராது. லாபத்துக்காக நடும் தோட்டம் உயிரோடிருக்கும் கன்றை எண்ணுகிறது. மக்களுக்காக நடும் மன்றமும் அப்படித்தானே எண்ண வேண்டும்?

பக்கத்திலேயே இன்னொரு சான்றும் உண்டு. பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் 1997 முதல் சதுப்புநிலக் காட்டு மரங்களை நட்டு வருகின்றனர். சுங்கை ஆச்சேயில் மாணவர்களுக்காகவே ஒரு கல்வி மையமும் நடத்துகின்றனர். மீன் குஞ்சுகள் வளரும் இடம் அந்த வேர்களுக்கிடையே என்பதால் அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கரைக்கு அந்தக் காடு என்ன அரண் என்பது மற்றவர்களுக்கும் புரிந்தது. தம் பிழைப்பு அந்த மரங்களில் இருப்பதால்தான் அவர்கள் நட்டதைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள்.

அடுத்த கேள்வி, எங்கே நடுவது? நகர்ப்புற மரங்களை ஆராயும் நெதர்லாந்து அறிஞர் செசில் கோனைனென்டைக் 2021இல் எளிதான ஓர் அளவுகோலைத் தந்தார். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 3 மரங்களாவது கண்ணில் பட வேண்டும். ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் 30 விழுக்காடு மர நிழல் வேண்டும். 300 மீட்டருக்குள் ஒரு பசுமைவெளி வேண்டும். இந்த அளவுகோல் நகரம் முழுவதற்கும் ஒரு மொத்த எண்ணைக் கேட்பதில்லை. யார் வீட்டு வாசலில் என்று கேட்கிறது.

பைராம் வட்டாரத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பினாங்கின் குப்பை வந்து சேரும் புலாவ் பூரோங் குப்பைக் கிடங்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது. 2022 ஜனவரியில் அங்கே பற்றிய தீயின் புகையைச் சுவாசித்தவர்கள் சுற்றுவட்டார மக்கள்தாம். மாநிலத்தின் குப்பையைச் சுமக்கும் வட்டாரம் மாநிலத்தின் நிழலிலும் பங்கு கேட்பது பிழையா? தோட்ட நிலம் தனியாருடையது, அங்கே மன்றத்தால் செலவு செய்ய முடியாது என்பார்கள். சரி, பொதுச் சாலையின் ஓரமும் பேருந்து நிறுத்தமும் யாருடையவை? தீவுக்கு ஒரு மன்றம், செபராங் பிறைக்கு ஒரு மன்றம் என்று பணப்பை இரண்டாக இருக்கலாம். வெயில் ஒன்றுதான்.

ஆக, மன்றங்களிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. நட்ட எண்ணிக்கையோடு, மூன்றாம் ஆண்டில் உயிரோடிருக்கும் எண்ணிக்கையையும் வெளியிடுங்கள். கன்றுக்கு ஒதுக்கும் பணத்தோடு நீர், உரம், கிளை கழித்தல், பழைய மரங்களைப் பரிசோதித்தல் ஆகியவற்றுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். அடிமரம் வரை சிமெண்டு பூசி, கால்வாய்க்கும் கம்பிக்கும் வேரை வெட்டினால் மரம் பிடிப்பிழக்கும். விழும் மரத்துக்கு அஞ்சுவோருக்கு உண்மையான விடை இந்தப் பராமரிப்பில்தான் இருக்கிறது. மூன்றாவதாக, நிழல் குறைந்த இடத்துக்கு முதலிடம் கொடுங்கள்.

மாணவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை, ஆபத்தான மரம் போன்ற சில விலக்குகள் தவிர, ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்டக்கூடாது. ஓர் அளவு நாடா போதும். உங்கள் பள்ளிக்குச் செல்லும் சாலையில் உள்ள மரங்களை எண்ணுங்கள். பெயரைத் தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். சுற்றளவை அளந்து குறியுங்கள். ஆறு மாதம் கழித்து அதே பட்டியலோடு மறுபடி போங்கள். அறிவியல் பாடமும் கணிதமும் குடிமைக் கல்வியும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் சேர்ந்துவிடும். அந்தப் பட்டியலை உங்கள் வட்டார மாமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். வாய்ப்பேச்சைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அடுத்த முறை மரம் நடு விழாவுக்கு உங்கள் பள்ளியை அழைத்தால் மகிழ்ச்சியோடு போங்கள். கன்றைக் கையில் வாங்குவதற்கு முன், மரியாதையோடு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, போன முறை நட்டவற்றில் எத்தனை இப்போது உயிரோடு இருக்கின்றன?"