தேரடியில் இருந்தவர்

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தேரடியிலே, கந்தலை உடுத்து, தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தும் வருவோர் போவோரை ஏசியும் காலங்கழித்த செல்லப்பா சுவாமிகளை, அர்ச்சனைத் தட்டோடு சந்நிதானத்தை நோக்கி விரைந்த ஜனங்களிற் பலர் 'விசரன்' என்று சொல்லியே விலகிப் போனார்கள். கிளிநொச்சியில் நீர்ப்பாசனப் பகுதியிலே களஞ்சியக் காப்பாளராக உத்தியோகம் பார்த்த ஒருவரோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தேரடிக்கு வந்து, 'யார் நீ' என்று அவர் அதட்டிய அதட்டலிலே தம் பூர்வ வாழ்வு முழுவதும் கழன்று விழக் கண்டார். ஈழத்துச் சைவ உலகம் பின்னாளிற் போற்றிய யோகர் சுவாமிகள் (1872-1964) அவரே. சீடர் பெற்ற பாக்கியத்தை எண்ணி நான் மகிழ்வதுண்டு. ஆயினும், கருவறை வரை போய்த் தீபாராதனை கண்டு, பத்தடி தூரத்தில் இருந்த ஞானமூர்த்தியைக் காணாமலே வீடு திரும்பிய அத்தனை பக்தர்களின் நஷ்டமே என் நெஞ்சை அதிகம் வருத்துகிறது, ஏனெனில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் வாசலில், விடியுமுன் சிதறுதேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கும் கிழவியை எத்தனையோ வருஷம் தாண்டிப் போயிருக்கிறேன். சென்ற மார்கழியில் ஒருநாள் நின்று பார்த்தேன். ஓடு கீறி இரத்தம் கசிந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பொறுக்கியவற்றுள் பெரிய சில்லாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, மண் போக ஊதி, மதிலோரம் காத்திருந்த நொண்டி நாய்க்கு முதலில் வைத்தாள். அது தின்று முடிக்கும்வரை தன் வாயில் ஒன்றும் போடாமல் அருகிலேயே குந்தியிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டேன். அப்போது கோயில் நடை திறந்திருக்கவில்லை.