வெட்டவெளிதானே என்று கூட்டம் கூடலாமா?

ஒரே நாடு. ஒரே மாதம். ஒரே நோய். இரண்டு ஊர்களில் இரண்டு மோட்டார் திருவிழாக்கள்.

ஓர் ஊருக்கு ஜனங்கள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தார்கள். மற்றோர் ஊரில் பந்தயம் நடந்தது. ஆனால் வேடிக்கை பார்க்க ஒருவரையும் உள்ளே விடவில்லை. கதவைப் பூட்டிவிட்டார்கள்!

இது அமெரிக்காவில் 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நடந்த சங்கதி. கொரோனா நோய் உலகத்தையே உலுக்கிக்கொண்டிருந்த சமயம். தடுப்பூசி இன்னும் வரவில்லை.

"வெட்டவெளியில்தானே கூடுகிறார்கள்? காற்று அடிக்கிறது. வெயில் காய்கிறது. நோய் எப்படி ஒட்டும்?" என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாளை இன்னொரு கொள்ளை நோய் வந்தாலும் இதே கேள்வி எழும். ஆகவே அந்த இரண்டு ஊர்களிலும் என்ன நடந்தது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

9 பேரில் தொடங்கியது

தெற்கு டகோட்டா என்பது அமெரிக்காவின் மாகாணங்களில் ஒன்று. அங்கே மலையடிவாரத்தில் ஸ்டர்ஜிஸ் என்று ஒரு சிற்றூர். மொத்த ஜனத்தொகையே சுமார் 7 ஆயிரம்தான்.

இந்த ஊரில் 1938-ம் ஆண்டு கிளாரன்ஸ் ஹோயல் என்ற மோட்டார் சைக்கிள் வியாபாரி ஒரு பந்தயம் நடத்தினார். அதில் வண்டி ஓட்டியவர்கள் 9 பேர். அது வளர்ந்து வளர்ந்து பெரிய திருவிழா ஆகிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டில் 10 நாள் நடக்கும். நாட்டின் மூலைமுடுக்குகளில் இருந்தெல்லாம் மோட்டார் சைக்கிள்கள் வரும். மலைச் சாலைகளில் ஊர்வலம் போல ஓடும். ராத்திரி ஆனால் பாட்டும் கூத்தும்!

வருகிறவர்கள் பணத்தைத் தண்ணீராகச் செலவழிப்பார்கள். அந்த 10 நாளில் மாகாணத்தில் நடக்கும் வியாபாரம் சுமார் 80 கோடி டாலர் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஓட்டல்காரர், கடைக்காரர், கூடாரம் போட இடம் விடுகிறவர் எல்லாருக்கும் வருஷம் முழுவதும் கை கொடுப்பது இந்த 10 நாள் வரும்படிதான்.

2020-ல் நடக்க வேண்டியது 80-வது திருவிழா. நோயும் வந்தது. விழாவும் வந்தது. என்ன செய்வது?

ஊர் ஒரு பக்கம், முடிவு ஒரு பக்கம்

நகரசபை ஊர் மக்களிடம் கருத்துக் கேட்டது. பதில் சொன்னவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல், "இந்த வருஷம் வேண்டாம், தள்ளி வையுங்கள்" என்றார்கள்.

ஆனால் நகரசபை விழாவை நடத்துவது என்று முடிவு செய்தது!

ஊர் மக்களின் பேச்சைக் கேட்காமல் பணத்துக்கு ஆசைப்பட்டார்கள் என்று சொல்லிவிடலாமா? சொல்லிவிடலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது. நகரசபைக்காரர்கள் ஒரு காரணம் சொன்னார்கள்: "நாங்கள் வேண்டாம் என்றாலும் ஜனங்கள் வரத்தான் போகிறார்கள். அதற்கு ஏற்பாடு செய்துகொள்வதே மேல்."

இதில் உண்மை இருக்கிறது. ஸ்டர்ஜிஸ் ஓர் ஊர். அதற்குக் கதவு இல்லை. பொதுச் சாலையில் வருகிறவனை யார் தடுப்பது? பெரிய பெரிய கூடார மைதானங்களும் ஊர் எல்லைக்கு வெளியே, தனியார் நிலத்தில் இருக்கின்றன. அங்கே நகரசபையின் சொல் செல்லாது.

அப்படியானால் யார் சொல் செல்லும்? மாகாண அரசின் சொல் செல்லும். ஆனால் கவர்னர் கிறிஸ்டி நோம் அம்மையார் விழாவை ஆதரித்தார். முகமூடி கட்டாயம் என்று அவர் உத்தரவு போடவே இல்லை. மேலே இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டால், கீழே இருக்கிற ஒரு சின்ன நகரசபை என்ன செய்யும்?

ஊர்வலங்களையும் தொடக்க விழாவையும் நகரசபை நிறுத்தியது. கை கழுவும் மருந்தை ஆங்காங்கே வைத்தது. அவ்வளவுதான்.

ஆகஸ்டு 7-ந் தேதி விழா தொடங்கியது. 10 நாளில் ஊருக்குள் நுழைந்த வண்டிகளை அரசு எண்ணியது. 4 லட்சத்து 62 ஆயிரம்! முந்தைய வருஷம் வந்தவை சுமார் 5 லட்சம். கொரோனாவைக் கண்டு பயந்து நின்றவர்கள் மிகக் கொஞ்சம்.

பகலில் சாலை, இரவில் மதுக்கடை

மோட்டார் சைக்கிளில் போகிறவனுக்குச் சாலையில் நோய் வருவது அபூர்வம். மூச்சில் வரும் கிருமி, காற்றில் கலைந்து போய்விடும். "வெட்டவெளி" என்று வாதாடியவர்கள் அந்த அளவுக்குச் சரிதான்.

ஆனால் 10 நாளும் ஒருவன் வண்டியிலேயே இருப்பானா?

பசிக்கும். ஓட்டலுக்குள் போவான். தாகம் எடுக்கும். மதுக்கடைக்குள் போவான். அங்கே பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும். பக்கத்தில் இருப்பவனிடம் பேச வேண்டுமானால் முகத்தோடு முகம் வைத்துக் கத்த வேண்டும். கத்தக் கத்த வாயில் இருந்து கிருமி தெறிக்கும். மேடைக்கு முன்னால் தோளோடு தோள் இடிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற சிநேகிதனைக் கட்டித் தழுவாமல் இருக்க முடியுமா? படுக்கப் போனால் ஓர் அறையில் நாலு பேர்.

வெட்டவெளித் திருவிழா என்பது பெயருக்குத்தான். திருவிழாவில் பாதி, கூரைக்குக் கீழேதான் நடக்கிறது!

நோய் எங்கே போயிற்று?

விழா முடிந்தது. ஊர் மக்களுக்கு நகரசபை இலவசப் பரிசோதனை நடத்தியது. சுமார் 650 பேர் வந்தார்கள். அவர்களில் 26 பேருக்கு நோய் இருந்தது. "பார்த்தீர்களா? பயந்தபடி ஒன்றும் நடக்கவில்லையே!" என்றார்கள் சிலர்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். கொரோனா கிருமி உடம்பில் புகுந்த அன்றே காய்ச்சல் வராது. சராசரி 5 நாள் ஆகும். சிலருக்கு 14 நாள்கூட ஆகும். அதற்குள் விருந்தாளி மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். ஸ்டர்ஜிசில் பிடித்த நோய், ஆயிரம் மைலுக்கு அப்பால் அவன் வீட்டுத் திண்ணையில்தான் வெளியே வரும். அதை ஸ்டர்ஜிசில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பக்கத்து மாகாணமான மின்னசோட்டா இதைத் தேடிப் பார்த்தது. நோய் கண்டவர்களிடம் எங்கே போனீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று விசாரித்தார்கள். கிருமியின் ஜாதகத்தையே எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தக் கணக்கை அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையம் 2020 நவம்பரில் வெளியிட்டது.

திருவிழாவுக்குப் போய் நோயோடு திரும்பியவர்கள் 51 பேர். அவர்களிடம் இருந்து நோய் வாங்கியவர்கள் 21 பேர். அந்த 21 பேரிடம் இருந்து வாங்கியவர்கள் 5 பேர். இப்படித்தான் வந்திருக்கும் என்று கருதப்பட்டவர்கள் இன்னும் 9 பேர். ஆக மொத்தம் 86. அவர்களில் 4 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஒருவர் இறந்தார்.

86 என்பது பெரிய எண் அல்ல என்று தோன்றும். ஆனால் இது ஒரே ஒரு மாகாணத்தின் கணக்கு. அதுவும் பரிசோதனைக்கு வந்து, கேட்ட கேள்விக்குப் பதிலும் சொன்னவர்களின் கணக்கு. வண்டிகளோ நாடு முழுவதும் இருந்து வந்தன.

மொத்தம் எத்தனை பேருக்கு நோய் வந்திருக்கும்? சில பொருளாதார நிபுணர்கள் செல்போன் நடமாட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டு, 2 லட்சத்து 66 ஆயிரம் பேர் என்றார்கள். கவர்னர் அதை "கற்பனை" என்று தூக்கி எறிந்தார். நோய் பரவும் விதத்தை ஆராய்கிற அறிஞர்கள் பலரும் அந்த எண் மிகை என்றே சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். மின்னசோட்டாவின் 86 பேர் கற்பனை அல்லவே!

அந்த 86 பேரில் 35 பேர் திருவிழாவுக்குப் போகாதவர்கள். பாட்டுக் கேட்கவில்லை. மலைச் சாலையில் வண்டி ஓட்டவில்லை. வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் சும்மா இருந்தவர்கள். கூத்து ஒருவனுக்கு, காய்ச்சல் இன்னொருவனுக்கு!

"என் உடம்பு, என் இஷ்டம். நோய் வந்தால் எனக்குத்தானே" என்று சொல்கிறவர்களுக்கு இந்த 35 பேர்தான் பதில்.

பூட்டிய கதவு

இப்போது மற்ற ஊருக்குப் போவோம்.

இண்டியானாபொலிஸ் நகரத்தில் பெரிய கார் பந்தய மைதானம் இருக்கிறது. ஓடுபாதையின் சுற்றளவு 2½ மைல். 200 சுற்று, 500 மைல் ஓட வேண்டும். 1911-ம் ஆண்டு முதல் நடக்கிற பந்தயம். நல்ல வருஷத்தில் 3 லட்சம் பேர்கூட பார்க்க வருவார்கள். உலகப் போர்களின்போது நின்றிருக்கிறது. மற்றபடி நிற்காது.

வழக்கமாக மே மாதம் நடக்கும். 2020-ல் நோயினால் ஆகஸ்டு 23-ந் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். அந்த வருஷம்தான் ரோஜர் பென்ஸ்கி என்ற பணக்காரர் மைதானத்தை விலைக்கு வாங்கியிருந்தார். புது முதலாளிக்கு முதல் பந்தயம்! ஆட்கள் வர வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருக்காதா?

ஜூன் மாதம், "பாதி ஜனங்களை விடுவோம்" என்று அறிவித்தார்கள். ஜூலையில், "கால்வாசிப் பேரை விடுவோம், முகமூடி கட்டாயம்" என்றார்கள். நகரத்தில் நோய் ஏறிக்கொண்டே போயிற்று. ஆகஸ்டு 4-ந் தேதி, "ஒருவரும் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள்.

நஷ்டம் கொஞ்சம் அல்ல. மைதானத்தைச் சுற்றி இருக்கிற குடும்பங்கள் வீட்டுப் புல்தரையில் கார் நிறுத்த இடம் விட்டு, நாலு காசு பார்ப்பது வழக்கம். அந்த வருஷம் அதுவும் போயிற்று.

ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். டிக்கெட் விற்பனை குறையக்கூடாது என்பதற்காக உள்ளூர் டெலிவிஷனில் பந்தயத்தை நேரடியாகக் காட்டாமல் இருப்பது அங்கே வழக்கம். அந்த வருஷம் அந்தத் தடையை நீக்கினார்கள். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஜப்பான்காரரான டகுமா சாட்டோ வெற்றி பெற்றார். கைதட்டத்தான் ஆள் இல்லை.

எதை விடலாம்? எதை விடக்கூடாது?

நோய்க் காலத்தில் மோட்டார் விழாவே கூடாது என்று சொல்வது பிடிவாதம். கதவும் டிக்கெட்டும் இருக்கிற இடத்தில் ஆளை எண்ணி விடலாம். நிலைமை மோசமானால் பூட்டலாம். யாருக்காவது நோய் வந்தால் டிக்கெட்டைப் பார்த்து மற்றவர்களுக்குச் சொல்லி அனுப்பலாம்.

கதவு இல்லாத திருவிழா வேறு ஜாதி. யார் வந்தார், யார் போனார் என்று யாருக்கும் தெரியாது. அதைத் தடுப்பூசி வரும் வரை நிறுத்தித்தான் வைக்க வேண்டும். ஊர்க்காரர்களால் நிறுத்த முடியாவிட்டால் மாகாண அரசு நிறுத்த வேண்டும். சாலை அரசினுடையது, மதுக்கடைக்கு லைசென்ஸ் கொடுப்பதும் அரசு. இரவில் மதுக்கடைகளையும் பாட்டு மேடைகளையும் மூடியிருந்தாலே பாதிக் கூட்டம் வந்திருக்காது.

நிறுத்தினால் ஸ்டர்ஜிஸ் கடைக்காரரின் கதி? அதைக் கேட்காமல் "நிறுத்து" என்று சொல்வதும் நியாயம் அல்ல. ஊரார் உடம்பைக் காப்பதற்காக ஒருவன் கடையை மூடினால், அவனுடைய வாடகையில் ஒரு பங்கை ஊரார் பணத்தில் இருந்து கொடுப்பதுதான் முறை. அந்தக் காலத்தில் இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பங்கீட்டினால் இதே ஸ்டர்ஜிஸ் விழா நின்றது. ஊர் அழிந்துவிடவில்லை.

இன்னொன்று: பூட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே பூட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் 2020 மார்ச்சு 13-ந் தேதி கார் பந்தய விழாவை ரத்துச் செய்தார்கள். எப்போது தெரியுமா? ஜனங்கள் வாசலில் வந்து காத்துக்கொண்டு நின்ற பிறகு! நோய்க்குப் பயந்து ரத்துச் செய்கிறவர்கள், கூட்டத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு ரத்துச் செய்தார்கள்.

இண்டியானாபொலிசில் 2020 டிக்கெட் பணம் மறு வருஷத்துக்கு வரவு வைக்கப்பட்டது. 2021-ல் தடுப்பூசி பரவலாகக் கிடைத்தது. அதே பந்தய மைதானத்தில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்டார்கள். ஜனங்கள் காரில் வந்து, காரில் உட்கார்ந்தபடியே போட்டுக்கொண்டு போனார்கள். அந்த மே மாதம் 30-ந் தேதி பந்தயம் நடந்தபோது கதவைத் திறந்தார்கள். 1 லட்சத்து 35 ஆயிரம் பேரை மட்டும் உள்ளே விட்டார்கள்.