பேனும் மண்ணெண்ணெய்யும்

கிராம அபிவிருத்திக்கென வெளிவரும் இப்பக்கங்களில் கொழும்பு 10, மாளிகாவத்தையைப் பற்றி, அதுவும் பிள்ளைகளின் தலையில் ஊரும் பேனைப் பற்றி எழுதுவதா என்று வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். தொடர்மாடியின் இரண்டு அறைகளில் ஏழெட்டுப் பேர் பாய் விரித்துப் படுக்கும் வீட்டுக்கும், தோட்டத்து லயன் காம்பராவுக்கும் இவ்விடயத்தில் எந்த வேறுபாடும் இல்லை. தலையோடு தலை முட்டி உறங்குகிற இடமெல்லாம் பேனுக்கு ஒரே ஊர்தான்.

இதை எழுதத் தூண்டியது நாம் கண்ட ஒரு காட்சி. மாளிகாவத்தைத் தொடர்மாடி ஒன்றில், ஒன்பது வயது மகளின் தலைக்கு மண்ணெண்ணெய் தேய்த்துத் துவாயால் இறுகக் கட்டியிருந்தார் ஒரு தாய். பிள்ளை குசினி வாசலில் குந்தியிருந்தாள். இரண்டு அடி தள்ளி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நாம் பதறிப்போய்க் கேட்டபோது, “வேறென்ன செய்யிற மிஸ்? நாளைக்கு ஸ்கூல்ல தலை பார்க்கிறாங்க. போன முறை இவளப் பின் வாங்கில தனிய இருத்திப் போட்டாங்க. அதுக்குப் பிறகு போகமாட்டேன் எண்டு அழுறா” என்றார் அந்த உம்மா. அவர் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. பிள்ளையின் மானத்தைக் காக்கக் கையில் கிடைத்ததைக் கொண்டு செய்தார்.

மண்ணெண்ணெய் பேனைக் கொல்லலாம். ஈரை முற்றாக அழிக்கும் என்று நம்ப முடியாது. ஆனால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் எரிக்கும். ஆவி நெருப்பைத் தேடிப் பிடிக்கும். போத்தலில் மிச்சம் வைத்ததைச் சின்னப் பிள்ளை தண்ணீரென்று நினைத்துக் குடித்தால், ஒரு வாய் போதும்; அது நுரையீரலுக்குள் இறங்கி நியூமோனியாவாகிவிடும். அப்படிக் குடித்த பிள்ளையை வாந்தியெடுக்க வைக்கவே கூடாது. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

தோட்டப்புறங்களிலும் விவசாயக் கிராமங்களிலும் இதைவிடக் கொடிய பழக்கம் ஒன்றுண்டு. பயிருக்கு அடிக்கும் பூச்சிகொல்லியைத் தலைக்கு வைப்பது. பாமசியில் விற்கும் மலத்தியன் தலைமருந்தும் வயலுக்கு அடிக்கும் மலத்தியனும் பெயரில்தான் ஒன்று; செறிவும் கலவையும் வேறு. தலைத்தோல் நஞ்சை உறிஞ்சும், சொறிந்து புண்ணான தோல் இன்னும் விரைவாக உறிஞ்சும். எச்சில் வடிதல், வாந்தி, கண்மணி சுருங்குதல், மூச்சுத் திணறல் என்று வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

இவ்வளவு பயங்கரத்துக்கும் காரணமான பிராணி எது? எள்ளளவு உள்ள, பறக்கவோ பாயவோ தெரியாத ஒன்று. தலை தலையோடு தொடும்போது ஊர்ந்து போவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. தலையை விட்டு விழுந்தால் ஓரிரு நாளில் செத்துப்போகும். எந்த நோயையும் பரப்புவதில்லை. அழுக்குத் தலை, சுத்தமான தலை என்ற பேதமும் அதற்கு இல்லை. இரத்தம் இரண்டிலும் ஒன்றுதான். முக்காடும் பர்தாவும்தான் பேனை வளர்க்கின்றன என்று சிலர் குத்தலாகப் பேசுவதையும் நாம் கேட்டிருக்கிறோம். அது வீண்பேச்சு.

பேனுக்கு இந்தக் கெட்ட பெயர் வந்ததற்கு ஒரு கதை உண்டு. பேன் டைபஸ் காய்ச்சலைப் பரப்புகிறது என்று 1909இல் டியூனிஸ் நகரில் சார்ள்ஸ் நிக்கோல் என்ற வைத்தியர் நிறுவினார். 1928இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அது உடுப்பின் மடிப்புகளில் வாழும் உடற்பேன். சிறைகளிலும் போர்முனைகளிலும் ஆயிரமாயிரமாய் மனிதரைக் கொன்றது அதுதான். தலைப்பேன் அதன் நெருங்கிய உறவு என்பதற்காக அதன் பழியையும் சேர்த்துச் சுமக்கிறது. அந்தப் பழியைப் பேனோடு சேர்ந்து சுமப்பது எமது பெண்பிள்ளைகள். மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வரும் பிள்ளையின் கூந்தலை, வந்த அன்றே கேளாமல் கொள்ளாமல் கத்தரித்துவிடும் வீடுகளைப் பற்றி நாம் கேள்விப்பட்டதுண்டு. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பார்கள்; இங்கே பெருமாளாக்குவதுகூட இல்லை, பேயாக்குகிறோம்.

அப்படியானால் என்ன செய்வது? எமது பாட்டிமார் கையில் இருந்த சீப்பைத் திரும்ப எடுப்பது என்பதே எமது கருத்து. இஸ்ரேலில் லாகீஸ் என்ற பழைய நகரின் இடிபாடுகளில் கிடைத்த தந்தச் சீப்பு ஒன்றைப் பற்றி 2022இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழமையான அதில், முடியிலும் தாடியிலும் உள்ள பேன் ஒழியட்டும் என்ற வேண்டுதல் பொறிக்கப்பட்டிருந்தது. பல்லிடுக்கில் பேனின் எச்சமும் இருந்ததாம்! அவ்வளவு நாளாக மனிதன் கைவிடாத கருவி இது.

ஆனால் சீப்பை எப்படியும் இழுத்தால் போதாது, கணக்கு ஒன்றுண்டு. பெட்டைப் பேன் நாளொன்றுக்கு ஆறு முதல் பத்து ஈர்வரை இடும். தலைத்தோலுக்கு அருகே, காதுக்குப் பின்னும் பிடரியிலும், மயிரோடு பசைபோல் ஒட்டிவிடும். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள். பொரித்த குஞ்சு வளர்ந்து தானே ஈரிட இன்னும் ஒன்பது முதல் பன்னிரண்டு நாள். ஆகவே இன்று சீவி இருக்கிற பேனை எல்லாம் எடுத்தாலும் ஈர் மிஞ்சும். அது பொரித்து, குஞ்சு முதிர்ந்து ஈரிடுமுன் அதைப் பிடித்துவிட்டால் வம்சம் அறுந்தது. முதலாம், ஐந்தாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் நாட்களில் சீவ வேண்டும். பதினேழாம் நாள் ஒருமுறை பார்த்து, ஒன்றுமில்லை என்றால் நிறுத்தலாம். ஒரு நாள் வீராவேசமாகச் சீவிவிட்டு மறுவாரம் மறந்துவிடுவதே எமது வீடுகளில் நடக்கும் தவறு.

தலையை நனைத்து, கண்டிஷனரோ தேங்காய் எண்ணெயோ தாராளமாகப் பூசி, முதலில் சாதாரண சீப்பால் சிக்கெடுத்து, பிறகு பல் நெருக்கமான பேன்சீப்பை அடிமயிரிலிருந்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். நீண்ட கூந்தலுக்கு அரைமணி நேரம் செல்லும். மாலையில் படிக்கட்டில் ஒருவர்பின் ஒருவராய் அமர்ந்து பேன் பார்க்கும் பெண்களை நாகரிகமற்றவர்கள் என்று சிரிப்போர் உண்டு. எமக்கோ அதைவிட நல்ல வைத்தியசாலை தெரியவில்லை.

மருந்து வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஒரு வீத பெர்மெத்ரின் தலைமருந்து இருக்கிறது. அதைப் போட்டாலும் ஒன்பதாம் நாள் மறுபடி போட வேண்டும். சில நாடுகளில் பேன் அதற்குப் பழகிப்போய்ச் சாவதில்லை. அப்போது சீப்புத்தான் துணை. லின்டேன் கலந்த பழைய போத்தல் அலுமாரியில் கிடந்தால் எறிந்துவிடுங்கள். சீதாப்பழ விதையை அரைத்துப் பூசுவோர் கவனிக்க: அது பேனைக் கொல்லும், ஆனால் கண்ணில் வடிந்தால் கருவிழியைப் புண்ணாக்கும். கற்பூரம் சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வருவிக்கும்.

செலவையும் மறைக்கக் கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. 2020 மே 21 அன்று இதே மாளிகாவத்தையில், செல்வந்தர் ஒருவர் பகிர்ந்த காசை வாங்க முண்டியடித்த நெரிசலில் மூன்று பெண்கள் இறந்தார்கள். அப்படியான இடத்தில் ஒரு தாயிடம் நான்கு பிள்ளைகளுக்கும் மருந்துப் போத்தல் வாங்கு என்பது எளிது. சீப்பு ஒருமுறை வாங்கினால் போதும், சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து அடுத்த வீட்டுக்கும் கொடுக்கலாம்.

பாடசாலைகளுக்கும் ஒரு சொல். மருத்துவப் பரிசோதனைக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும் நாளில் பேன் பார்ப்பது நல்லதே. ஆனால் பிள்ளையை வகுப்பின் முன்னால் நிறுத்துவதும், பின் வாங்கில் இருத்துவதும், வீட்டுக்கு அனுப்புவதும் எதற்கு? தலையில் பேனைக் காணும்போது அது வந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். இன்று ஒரு நாள் தள்ளிவைப்பதால் என்ன கண்டோம்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் 2022இன் வழிகாட்டலில், பேனுக்காக எந்தப் பிள்ளையும் வகுப்பை இழக்கக் கூடாது என்றே கூறியிருக்கிறது. பெற்றோருக்கு மடித்த துண்டு ஒன்றில் எழுதி அனுப்புங்கள், டீச்சர்மாரே. நான்கு நாட்களையும் அதில் குறித்துவிடுங்கள்.

ஒரு வீடு மட்டும் சீவினால் அடுத்த வாரம் எதிர்வீட்டுத் தோழியிடமிருந்து மறுபடி வரும். ஆகவே மாடிப்படிக்கு ஒன்றாக, ஒரே ஞாயிறன்று எல்லா வீடுகளும் தொடங்க வேண்டும். நாம் அந்த உம்மாவிடம் இதைச் சொன்னபோது, அயல்வீட்டுச் சிங்கள அக்காவையும் கூப்பிடுவதாகச் சொன்னார். அவர் மகளும் இவர் மகளும் ஒன்றாய் விளையாடுகிறவர்களாம். பிறகு, “தலையணையெல்லாம் எறியணுமா மிஸ்?” என்று கேட்டார். வேண்டாம், உறையைச் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போட்டால் போதும் என்றோம். துவாயை அவிழ்த்து, பிள்ளையின் தலையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவ அழைத்துப் போனார்.