பரிசை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

கடந்த தைப்பொங்கல் அன்று நெல்லியடியில் வாப்பாவின் கடைக்குப் பூட்டு. கடைத்தெரு முழுவதும் பூட்டியிருக்கும் நாட்களில்தான் எங்கள் வீட்டுக்கும் விடுமுறை கிடைக்கும். பின்னேரம் எல்லோரும் ஓட்டோவில் ஏறி வல்வெட்டித்துறைக்குப் பட்டம் பார்க்கப் போனோம். கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. கப்பல், விமானம், பறவை என்று வானம் நிறைந்திருந்தது. சனம் முழுவதும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவன் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. அவன் என் பன்னிரண்டு வயதுத் தம்பி. கையில் உம்மாவின் போன்.

"மேலே பாரடா, எவ்வளவு வடிவு" என்றேன்.

"கொஞ்சம் பொறுங்க ராத்தா. இண்டைக்கு ஏழாவது நாள். முடிச்சாத்தான் கோட் கிடைக்கும்."

"இப்ப விளையாட உனக்கு விருப்பமா?"

"விருப்பம் இல்லை. ஆனா இண்டைக்கு விட்டா ஆறு நாளும் வீணாப் போயிடும்."

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. விளையாட விருப்பமில்லாத ஒருவனை விளையாட வைப்பது எப்படி ஒரு விளையாட்டு ஆகும்?

இந்த விளையாட்டுகளைத் தெரியாத பெற்றோருக்காக ஒரு சிறு விளக்கம். பிரீ ஃபயர் 2017இலும் பப்ஜி மொபைல் 2018இலும் வெளிவந்தன. இரண்டையும் இலவசமாகத் தரவிறக்கலாம். ஆனால் அவற்றை நடத்தும் நிறுவனங்களுக்கு வருமானம் வேண்டும். உள்ளே விற்கப்படும் உடைகளிலும் ஆயுத அலங்காரங்களிலும் இருந்து அது வருகிறது. அதற்கு ஆட்கள் தினமும் உள்ளே வர வேண்டும். ஆகவே காலத்துக்கு ஒரு நிகழ்வு வைக்கிறார்கள். நோன்பு மாதத்தில் பிறையும் விளக்கும் வரும். தீபாவளிக்குத் தீபம் வரும். நத்தாருக்குப் பனி கொட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் இருக்கும்: தினமும் உள்ளே வா, இத்தனை ஆட்டம் ஆடு, இத்தனை புள்ளி சேர், இந்தத் திகதிக்குள் முடி. முடித்தால் ஓர் உடை. முடிக்காவிட்டால் அந்த உடை போய்விடும்.

இப்படியான நிகழ்வுகளை நடத்த வேண்டியது பரிசா, மகிழ்ச்சியா என்பதே கேள்வி. மகிழ்ச்சிதான் என்பது என் கருத்து. ஆனால் பரிசே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஏனென்றால் நாங்கள் பார்க்கப் போன பட்டத் திருவிழாவிலும் பரிசு இருக்கிறது.

வல்வெட்டித்துறையில் நடப்பது ஒரு போட்டி. நடுவர்கள் பட்டங்களின் அமைப்பையும் அவை பறக்கும் விதத்தையும் பார்த்துப் புள்ளியிடுகிறார்கள். வென்றவர்களுக்குப் பரிசு உண்டு. ஆனால் பரிசு கிடைப்பது சிலருக்கு. கடற்கரைக்கு வருவதோ ஆயிரக்கணக்கானோர். போட்டிக்கு வராத பட்டங்களை யாராவது எண்ணிப் பார்த்தார்களா? வடகீழ்ப் பருவக்காற்று வீசத் தொடங்கினால் வடமராட்சியில் வயலிலும் வெளியிலும் மொட்டைமாடியிலும் பட்டம் ஏறும். கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இரவில் பட்டத்தைக் கட்டிவிட்டுப் படுத்தால் விண் கூவுகிற சத்தம் விடிய விடியக் கேட்கும். இதற்கெல்லாம் யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. நாளைக்கே போட்டிக் குழு "இம்முறை பரிசு இல்லை" என்று அறிவித்தாலும் பட்டம் பறக்கத்தான் போகிறது.

ஆகவே நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். பரிசை எடுத்துவிட்டால் அந்த விழா மிஞ்சுமா? நோன்புப் பெருநாளில் பெருநாள் காசு கிடைக்கும். ஒரு மாமா காசு தர மறந்துவிட்டார் என்பதற்காகப் பெருநாள் இல்லாமல் போவதில்லை. இல்ல விளையாட்டுப் போட்டியில் கிண்ணம் ஓர் இல்லத்துக்குத்தான். தோற்ற இல்லமும் கடைசி வரை தொண்டை கிழியக் கத்துகிறது. இவையெல்லாம் சோதனையில் தேறும். தம்பியின் ஏழு நாள் நிகழ்வில் அந்தக் கோட்டை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? அவனே சொல்லிவிட்டான்: விருப்பம் இல்லை.

உயர்தரப் பொருளியலில் நாங்கள் முதலில் படிப்பது அருமை பற்றி. வளங்கள் மட்டானவை, தேவைகள் மட்டற்றவை. நிலம் மட்டானது, எண்ணெய் மட்டானது. ஆனால் திரையில் தெரியும் ஒரு கோட் எப்படி மட்டானதாகும்? ஒருமுறை வரைந்த கோட்டைக் கோடிப் பேருக்குக் கொடுத்தாலும் நிறுவனத்துக்கு ஒரு முழத் துணி கூடச் செலவில்லை. "இன்னும் இரண்டு நாள்தான்" என்று ஓடும் அந்த மணிக்கூடு இயற்கை தந்த அருமை அல்ல. மனிதர் வேண்டுமென்றே செய்த அருமை. அடுத்த பாடம் அமையச் செலவு, அதாவது ஒன்றைத் தெரிவு செய்யும்போது கைவிடப்படுகிற மற்றையது. தம்பியின் கோட் இலவசம் என்றுதான் எழுதியிருந்தது. அதன் அமையச் செலவு அன்றைய வானம்.

பரிசு எப்போது மகிழ்ச்சியைக் கெடுக்கிறது என்பதை உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக முன்பள்ளியில் செய்த ஆய்வு 1973இல் வெளியானது. படம் வரைவதில் விருப்பமுள்ள சிறுவர்களை மூன்று குழுவாக்கினார்கள். முதற் குழுவுக்கு "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்குச் சொல்லாமல், வரைந்து முடிந்த பின் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரங்களின் பின், சுதந்திரமாக விளையாடும் நேரத்தில் யார் வரைகிறார்கள் என்று கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழு மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழ அரைவாசி நேரமே வரைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்ற குழுவின் விருப்பம் குறையவில்லை. அப்படியானால் பரிசு குற்றவாளி அல்ல. "இதைச் செய்தால் இது" என்ற பேரம்தான் விருப்பத்தைத் தின்கிறது.

இதை என் வகுப்புத் தோழியிடம் சொன்னபோது அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "உன் தம்பி காசு கொடுத்து வாங்க முடியாததை உழைத்து எடுக்கிறான். அது நல்லதுதானே? பரிசு இல்லாவிட்டால் வசதியான பிள்ளைகள் மட்டும்தான் அந்த உடையைப் போடுவார்கள்" என்றாள். நியாயமான பேச்சு. எல்லோருக்கும் ஓர் உடை கிடைப்பது நல்லதுதான். ஆனால் அதற்கு ஏன் ஏழு நாளும் தவறாமல் வர வேண்டும்? காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு ஏன் இல்லை? பரீட்சைக்குப் படித்த பிள்ளைக்கு ஏன் இல்லை? டேட்டா முடிந்துபோன வீட்டுப் பிள்ளைக்கு ஏன் இல்லை? இலவசம் என்று சொல்லப்படுவது அவ்வளவு சமமானதும் அல்ல.

இது நான் மட்டும் படும் கவலை அல்ல. 2023 டிசம்பரில் சீன அரசு ஒரு வரைவு விதியை வெளியிட்டது. தினமும் உள்ளே வருவதற்காகப் பரிசு கொடுப்பதைத் தடை செய்ய வேண்டும் என்பது அதில் ஒன்று. அன்றே பெரிய விளையாட்டு நிறுவனங்களின் பங்கு விலை சரிந்தது. அடுத்த மாதமே அந்த வரைவு இணையத்தளத்திலிருந்து காணாமற் போனது. தினப் பரிசில் எவ்வளவு பணம் தங்கியிருக்கிறது என்பதை அந்தச் சரிவு காட்டியது.

வேறு வழி இருக்கிறது. 2021இல் வந்த ஹேலோ இன்பினிட், 2024இல் வந்த ஹெல்டைவர்ஸ் 2 ஆகியவற்றில் வாங்கிய பரிசுத் தொகுதிக்குக் காலாவதி இல்லை. ஆறுதலாக முடிக்கலாம். 2020இல் வந்த அனிமல் க்ராசிங் விளையாட்டில் உண்மை நாட்காட்டியின்படி பருவங்கள் மாறுகின்றன. இந்தக் குளிர்காலத்தில் பிடிக்கத் தவறிய மீன் அடுத்த குளிர்காலத்தில் திரும்ப வரும். எங்கள் வாடைக்காற்றும் அப்படித்தானே? இந்த வருடம் பட்டம் அறுந்தால் அடுத்த வருடம் காற்று வராமலா போகும்?

இனிப் பெற்றோரிடம் ஒரு வார்த்தை. கோபிக்க வேண்டாம். "ஒன்பது ஏ எடுத்தால் போன் வாங்கித் தருவேன்" என்று சொல்லும்போது நீங்களும் அந்த நிறுவனங்கள் செய்வதைத்தான் செய்கிறீர்கள். எனக்கும் சாதாரண தரத்துக்கு முன் அப்படி ஒரு வாக்குறுதி கிடைத்தது. முடிவு வந்தது, பொருளும் வந்தது. அதற்கு முன் ஆசையோடு வாசித்த வரலாற்றுப் புத்தகத்தை அதன் பிறகு நான் தொடவில்லை. பரிசு வந்ததும் பாடம் முடிந்துவிட்டது என்று மனம் நினைத்துவிட்டது. பிள்ளை நன்றாகச் செய்தால் சொல்லாமல் ஒரு நாள் கொடுங்கள். முன்கூட்டியே விலை பேசாதீர்கள்.

போனைப் பறித்து அலுமாரியில் வைப்பதால் மட்டும் பயனில்லை. பறித்தால் ஆறு நாள் வீண் என்ற கவலைதான் பிள்ளைக்கு மிஞ்சும். பக்கத்தில் இருந்து, "பரிசு இல்லாவிட்டாலும் இன்றைக்கு இதை விளையாடுவாயா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் கொஞ்ச நேரம் விளையாடட்டும். இல்லை என்றால் அந்த விடையே அவனை யோசிக்க வைக்கும். சகோதரிகளே, நாங்களும் எங்களிடமே இதைக் கேட்கலாம். தொடர்ந்து எத்தனை நாள் செய்தி அனுப்பினோம் என்று எண்ணிக்கொண்டிருக்கும் எங்களில் பலருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

இந்தக் கட்டுரையைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டான். தன்னைப் பற்றி எழுதியதற்குக் கொஞ்சம் கோபம். பிறகு சொன்னான்: "சரிதான் ராத்தா. ஆனா அந்தக் கோட் வடிவுதான்."

அதையும் நான் மறுக்கவில்லை. வடிவான கோட்தான். அதை அவன் மூன்று நாள் போட்டான். நாலாம் நாள் புதிய நிகழ்வு ஒன்று தொடங்கியது.